செவ்வாயிலிருந்து வந்த படை: ஹெச். ஜி. வெல்ஸின் நாவல் நமக்குச் சொல்வது என்ன?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு படிப்பகக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



போன மாதக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக் கொண்டிருந்த நேரத்தில், நூற்பு இலாகாவில் வேலை செய்யும் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். "டி.வி.யில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தோம். வானத்திலிருந்து மூன்று கால் யந்திரங்கள் வந்து ஊரையெல்லாம் பொசுக்குகின்றன. துப்பாக்கியும் பீரங்கியும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியில் அவை தாமாகவே செத்து விழுகின்றன. இதில் என்ன தோழர் இருக்கிறது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற விவசாயத் தோழர் ஒருவர், "ஆகாயத்திலிருந்து வருகிறவனைப் பற்றி நமக்கென்ன? அறுப்புக் கூலியைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்.

இரண்டு தோழர்களும் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் படத்துக்கு மூலமான நாவலை நாம் படித்திருக்கிறோம். நமக்கு எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ்தான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, இரண்டு மாத காலம், இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தோம். படித்து முடித்தபோது, இது ஆகாயத்தைப் பற்றிய கதை அல்ல, பூமியைப் பற்றிய கதை என்பது விளங்கிற்று. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்து கொள்ளப் போகிறோம். கூலிப் பேச்சு அடுத்த வாரம் தவறாமல் உண்டு. (சிரிப்பு)

எழுதியவர் யார்?

நாவலின் பெயரை "உலகங்களின் யுத்தம்" என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஹெச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கிலேயர். 1897ஆம் ஆண்டில் ஒரு மாதப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. 1898ல் புத்தகமாயிற்று.

வெல்ஸ் பிரபு வம்சத்தில் பிறந்தவர் அல்ல. 1866ல் லண்டனுக்கு அருகேயுள்ள பிராம்லி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனாருக்கு நஷ்டத்தில் ஓடும் ஒரு சின்னக் கடை. தாயார் பணக்கார வீட்டில் வேலைக்காரியாக இருந்தவர். குடும்பம் நொடித்தபோது மறுபடியும் ஒரு மாளிகைக்கு ஊழியம் செய்யப் போனார். பையனை ஒரு ஜவுளிக் கடையில் எடுபிடியாகச் சேர்த்தார்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர வேலை. படுக்கை கடைப் பையன்களோடு ஒரே கொட்டடியில். பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சோறு தண்ணீர் இல்லாமல் 17 மைல் நடந்து போய்த் தாயாரிடம், "இந்த வேலை எனக்கு வேண்டாம், படிக்க வையுங்கள்" என்று அழுதார். பிறகு உபகாரச் சம்பளம் பெற்று, லண்டனில் ஹக்ஸ்லி என்ற பேர்பெற்ற விஞ்ஞானியிடம் உயிரியல் படித்தார். ஜவுளிக் கடைப் பையனின் கண்ணும், விஞ்ஞான மாணவனின் மூளையும் சேர்ந்து எழுதியது இந்தப் புத்தகம்.

இது பிறந்த விதத்தையும் கேளுங்கள். அவருடைய அண்ணன் பிராங்கும் அவரும் ஒரு நாள் கிராமப்புறத்தில் நடந்து போய்க் கொண்டிருந்தார்கள். பேச்சு டாஸ்மேனியா தீவைப் பற்றித் திரும்பிற்று. வெள்ளைக்காரர்கள் அங்கே போய் இறங்கியதும் அந்த நாட்டு மக்களுக்கு நேர்ந்த கதியைப் பற்றிப் பேசினார்கள். அப்போது அண்ணன், "இதே போல வேறொரு கிரகத்திலிருந்து யாராவது திடீரென்று இங்கே வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் விதை. அண்ணனுக்கே புத்தகத்தைக் காணிக்கை செய்திருக்கிறார் வெல்ஸ்.

கதை என்ன?

செவ்வாய்க் கிரகம் குளிர்ந்து வறண்டு கொண்டு வருகிறது. அங்கே இருப்பவர்கள் அறிவில் மனிதனைவிடப் பன்மடங்கு பெரியவர்கள். தங்கள் நிலம் இனிச் சோறு போடாது என்று தெரிந்ததும், தண்ணீரும் பச்சையும் நிறைந்த நம் பூமியின் மீது கண் வைக்கிறார்கள். பெரிய பெரிய உருளைகளுக்குள் ஏறிக் கொண்டு, பீரங்கிக் குண்டு போல வானவெளியில் பாய்ந்து வருகிறார்கள். முதல் உருளை லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஒரு பொட்டல் வெளியில் விழுகிறது.

ஜனங்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திருவிழாவுக்குப் போவது போல வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். சிறுவர்கள் கல்லெறிகிறார்கள். மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் ஆப்பிளும் சோடாவும் ஏற்றிய தள்ளுவண்டியோடு மகனை அங்கே அனுப்பி வியாபாரம் நடத்துகிறார். சில பெரிய மனிதர்கள் வெள்ளைக் கொடி பிடித்துக் கொண்டு சமாதானம் பேசப் போகிறார்கள். குழிக்குள்ளிருந்து ஓர் உஷ்ணக் கதிர் வருகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை. கதிர் பட்ட மனிதன் பற்றி எரிகிறான், மரம் எரிகிறது, வீடு எரிகிறது. அன்றிரவு அந்தக் குழியைச் சுற்றி ஏறக்குறைய நாற்பது பிணங்கள்.

ஆனால் அதே இரவு, பக்கத்து ஸ்டேஷனில் ரயில்கள் வழக்கம் போல ஓடுகின்றன. வீடுகளில் சாப்பாடு நடக்கிறது. லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு முதல் செய்தியைத் தந்தியில் அனுப்பிய நிருபர் கதிரில் கருகிப் போகிறார். பத்திரிகை ஆபீஸ் அவரிடம் தந்தி மூலம் விளக்கம் கேட்கிறது, பதில் வரவில்லை. ஆகவே இது புரளி என்று முடிவு கட்டி, விசேஷப் பதிப்புப் போடாமல் இருந்து விடுகிறது! செத்தவன் பதில் எழுதவில்லையே என்று செய்தியைத் தள்ளுபடி செய்கிறவர்கள் உண்டு என்பதை வெல்ஸ் நன்றாக அறிந்திருந்தார். (சிரிப்பு)

பிறகு முக்காலி யந்திரங்கள் எழுகின்றன. சுமார் நூறு அடி உயரம். நம் ஆலைப் புகைபோக்கி மூன்று கால் முளைத்து நடப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். பீரங்கிப் படை எதிர்க்கிறது. ஷெப்பர்டன் என்ற இடத்தில் ஒரே ஒரு குண்டு சரியாகப் பட்டு ஒரு யந்திரம் சாய்கிறது. உடனே செவ்வாய்க்காரர்கள் புத்தி கற்றுக் கொள்கிறார்கள். தூரத்திலிருந்தே கரும்புகைக் குண்டுகளை வீசுகிறார்கள். அந்த விஷப்புகை தண்ணீரைப் போலத் தரையோடு பாய்ந்து, பள்ளத்திலெல்லாம் நிறைந்து, மூச்சு விடும் ஜீவன்களையெல்லாம் கொல்கிறது. இது வெறும் கற்பனை என்று அன்று நினைத்தார்கள். 1915 ஏப்ரலில், முதல் உலக யுத்தத்தில், பெல்ஜியத்தின் ஈப்ர என்ற இடத்தில் ஜெர்மன் ராணுவம் குளோரின் வாயுவைத் திறந்து விட்டது. அதுவும் தரையோடுதான் நகர்ந்து வந்து பதுங்கு குழிகளை நிறைத்தது. செவ்வாய்க்காரன் செய்வான் என்று 1897ல் எழுதியதை, பதினெட்டு வருஷத்துக்குள் மனிதனே செய்து விட்டான்.

பவுன் மூட்டையும் பஞ்சப் பராரிகளும்

நாவலில் நம் நெஞ்சைவிட்டு அகலாத இடம் லண்டன் காலியாகும் காட்சி. அறுபது லட்சம் ஜனங்கள், ஆயுதமும் இல்லாமல் ஆகாரமும் இல்லாமல், எங்கே போகிறோம் என்ற கேள்வியும் இல்லாமல் வடக்கே ஓடுகிறார்கள். சாரட்டு வண்டிக்காரனும் கூலிக்காரனும் ஒரே புழுதியில் நடக்கிறார்கள். ரயிலுக்கு அடிதடி, கூட்டத்தின் மீதே ஏறிக் கொண்டு ரயில் போகிறது. பேப்பர் விற்கும் ஒருவன் ஓடிக் கொண்டே ஒரு பத்திரிகையை ஒரு ஷில்லிங்குக்கு விற்கிறான். கடற்கரையில் மூன்று பேரை பெல்ஜியம் கரைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கக் கப்பல்காரர்கள் 36 பவுன் வாங்குகிறார்கள். உலகம் அழிகிறபோதும் பேரம் அழியவில்லை!

அந்தக் கூட்டத்தில் ஒருவன் வருகிறான். கழுகு முகம், கையில் ஒரு பை. நெரிசலில் பை கிழிந்து, பவுன் காசுகள் ரஸ்தாவில் சிதறுகின்றன. அவன் குனிந்து பொறுக்குகிறான். வண்டிச் சக்கரம் அவன் முதுகின் மீது ஏறி இறங்குகிறது. இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. கதை சொல்பவரின் தம்பி அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றப் பார்க்கிறார். அவனோ ஒரு கையில் காசை இறுக்கிப் பிடித்துக் கொண்டு, காப்பாற்ற வந்த கையைக் கடிக்கிறான்! இந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும், தோழர்களே. சொத்து மனிதனைப் பிடித்திருக்கிறதா, மனிதன் சொத்தைப் பிடித்திருக்கிறானா என்பது தெரிந்து விடும்.

அதே ஓட்டத்தில் இன்னொரு காட்சி. இரண்டு பெண்கள் வந்த குதிரை வண்டியை மூன்று முரடர்கள் மடக்குகிறார்கள். துணைக்குப் போன தம்பியை அடித்து வீழ்த்தப் பார்க்கிறார்கள். தப்பித்துப் போயிருக்கக்கூடிய சின்னப் பெண், வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்து ரிவால்வரால் சுடுகிறாள், திருடர்கள் ஓடுகிறார்கள். நம் சகோதரிகள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும். (கைதட்டல்)

வாய்ச்சொல் வீரர்

இனி இந்த நாவலின் மிக முக்கியமான ஒரு பாத்திரத்துக்கு வருவோம். பீரங்கிப் படைச் சிப்பாய் ஒருவன். பட்டாளம் முழுவதும் அழிந்தபோது தப்பியவன். லண்டனுக்கு அருகே பட்னி மேட்டில் கதை சொல்பவரைச் சந்திக்கிறான். அவன் வாயைத் திறந்தால் திட்டம் கொட்டுகிறது. பூமிக்கடியில், சாக்கடைக் குழாய்களில் மனிதர்கள் வாழ வேண்டும்; அங்கே படை திரட்ட வேண்டும்; செவ்வாய்க்காரனின் யந்திரத்தையே கைப்பற்றி அவன் மீது திருப்ப வேண்டும் என்கிறான். கேட்கிறவருக்கு உற்சாகம் பிறக்கிறது. ஆனால் கூர்ந்து கேளுங்கள்: பலவீனர்கள் வேண்டாம், நோஞ்சான்கள் வேண்டாம், அவர்கள் சாகட்டும், வல்லவர்கள் மட்டும் போதும் என்றும் அவன் சொல்கிறான். ஆபீசுக்கு ஓடி ஓடிப் பிழைத்த குமாஸ்தாக்களைக் கண்டால் அவனுக்கு அருவருப்பு. பிற்காலத்தில் ஐரோப்பாவில் இதே பேச்சைப் பேசிய பாசிஸ்டுகள் எங்கே கொண்டு போய் விட்டார்கள் என்பது உலகம் அறிந்தது.

சரி, திட்டம் சொன்னவன் செய்தது என்ன? ஒரு வாரமாகச் சுரங்கம் தோண்டியிருக்கிறான். நீளம் பத்து கஜம்கூட இல்லை! ஒரு நாளில் நாமே தோண்டியிருக்கலாமே என்று கதை சொல்பவர் நினைக்கிறார். கொஞ்ச நேரம் மண்வெட்டி பிடித்ததும் சிப்பாய்க்குக் களைப்பு. "ஓய்வெடுப்போம்" என்கிறான். ஓய்வு சாராயமாகிறது, சாராயம் சீட்டாட்டமாகிறது, சுருட்டுப் புகைகிறது. வெளியே லண்டன் செத்துக் கிடக்கிறது.

தோழர்களே! வாய்க்கால் வெட்டியவருக்கும் வரப்புப் போட்டவருக்கும் பத்து கஜம் என்றால் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. (சிரிப்பு) இந்தச் சிப்பாயை நாம் எல்லோரும் சந்தித்திருக்கிறோம். சில சமயம் அவன் நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். மேடையில் உலகத்தைப் புரட்டிப் போட்டு விட்டு, மறுநாள் சந்தாப் பணம் வசூலிக்கப் போகாதவர்களைச் சொல்கிறோம். நம்மையும் சேர்த்துத்தான்.

அவனுக்கு எதிராக ஒரு கப்பலை வைத்திருக்கிறார் வெல்ஸ். கப்பலின் பெயர் "இடியின் குழந்தை". அகதிகளை ஏற்றிய கப்பல்களை நோக்கி மூன்று யந்திரங்கள் கடலில் இறங்கி வருகின்றன. இந்தப் போர்க் கப்பல் நேராக அவற்றின் மீது பாய்கிறது. கதிர் பட்டுத் தீப்பிடித்து எரிந்து கொண்டே போய் ஒன்றைச் சாய்க்கிறது, இன்னொன்றையும் வீழ்த்துகிறது, தானும் அழிகிறது. அகதிக் கப்பல்கள் தப்புகின்றன. அந்த மாலுமிகளில் ஒருவர் பெயர்கூட நாவலில் இல்லை. அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர் யார், சுக்கானைப் பிடித்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. அவர்கள் பேசவில்லை, செய்தார்கள்.

துப்பாக்கியைத் திருப்பிக் காட்டினார்

இந்தக் கதையை எழுத வேண்டிய அவசியம் என்ன? நாவல் தொடர்கதையாக வந்து கொண்டிருந்த 1897 ஜூன் மாதத்தில், விக்டோரியா மகாராணி பட்டமேறி அறுபது ஆண்டு ஆனதை லண்டன் நகரம் கோலாகலமாகக் கொண்டாடிற்று. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யம் என்று மார் தட்டினார்கள். ஊர்வலத்தில் இந்தியக் குதிரைப் படையும் நடந்தது. அதே வருஷம் இந்தியாவில் கடும் பஞ்சம். மறு வருஷம், 1898 செப்டம்பரில், சூடான் நாட்டில் ஆம்டர்மன் போர். மாக்சிம் யந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே ஈட்டியோடும் பழைய துப்பாக்கியோடும் ஓடி வந்த சூடான் மக்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் ஒரே காலையில் மாண்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் மாண்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. உஷ்ணக் கதிர் கற்பனையா, தோழர்களே? சூடான் விவசாயிக்கு அது நிஜம்.

வெல்ஸ் செய்த காரியம் இதுதான்: ஆங்கிலேயன் பிறர் மீது நீட்டிய துப்பாக்கியை அவன் மார்புக்கே திருப்பிக் காட்டினார். உன் ஊரில், உன் ரயிலடியில், உன் தோட்டத்தில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். அப்போது வோக்கிங்கில்தான் அவர் குடியிருந்தார். சைக்கிள் ஓட்டப் பழகிக் கொண்டே, எந்த வீடு இடிய வேண்டும், எந்தத் தெரு எரிய வேண்டும் என்று குறித்து வைத்துக் கொண்டார். முதல் அத்தியாயத்திலேயே சொல்லி விடுகிறார்: செவ்வாய்க்காரர்களைத் திட்டும் முன், டாஸ்மேனியர்களை ஐம்பது ஆண்டில் துடைத்தெறிந்த நாம் கருணையின் தூதர்களா என்று யோசித்துப் பாருங்கள் என்கிறார். ஆட்டையும் மாட்டையும் நாம் தின்பது போல, செவ்வாய்க்காரர்கள் மனித இரத்தத்தை எடுத்துத் தங்கள் நரம்புகளில் ஏற்றிக் கொள்கிறார்கள். பிறர் இரத்தத்தில் வாழும் வர்க்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் வேறு வேண்டுமா?

சாம்ராஜ்யத்தின் நடு வீட்டில் நின்று கொண்டு, அதன் கொண்டாட்ட காலத்தில், இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்தப் பெருமையை வெல்ஸுக்கு நாம் மனமாரக் கொடுக்கிறோம்.

கிருமி காப்பாற்றுமா?

முடிவு என்ன? எதிர்க்க யாருமில்லாத செவ்வாய்க்காரர்கள் லண்டன் நகரில் செத்துக் கிடக்கிறார்கள். காக்கை கொத்துகிறது. கொன்றது பீரங்கி அல்ல. கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமிகள். மனிதன் தலைமுறை தலைமுறையாகச் செத்துச் செத்து இந்தக் கிருமிகளோடு வாழப் பழகியிருக்கிறான். செவ்வாயில் கிருமி இல்லை. ஆகவே வந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை. விஞ்ஞானம் படித்தவரின் முடிவு இது. தொடர்கதை வந்த அதே 1897 ஆகஸ்டில்தான் ரொனால்ட் ராஸ், செக்கந்தராபாதில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமி சாஸ்திரம் அன்று புத்தம் புதிது.

ஆனால் இங்கேதான் நாம் வெல்ஸோடு வாதாட வேண்டும். உண்மைச் சரித்திரத்தில் கிருமி யார் பக்கம் நின்றது? மேற்கு ஆப்பிரிக்காவில் மலேரியா வெள்ளைக்காரர்களைக் கொன்றது உண்மை. கொய்னா மாத்திரை கைக்கு வந்த பிறகு அந்த வேலி உடைந்தது. அமெரிக்கக் கண்டத்திலோ, படையெடுத்தவன் கொண்டு வந்த பெரியம்மைதான் அந்நாட்டு மக்களை லட்சக்கணக்கில் கொன்று குவித்தது. அங்கே கிருமி படையெடுத்தவனின் சிப்பாய். கிருமிக்குக் கட்சி இல்லை, தோழர்களே. அது நியாயம் பார்த்து நோய் கொடுப்பதில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அறுபது லட்சம் ஜனங்களை வெல்ஸ் காட்டுகிறார்; அவர்கள் எல்லோரும் ஓடுகிறார்கள். கூட்டம் என்றால் நெரிசல், மிதி, கொள்ளை. ஒரு தெருக்காரர்கள் கூடிப் பேசி ஒரு காரியம் செய்ததாக நாவலில் இல்லை. தனி மனிதனின் வீரம் உண்டு. கூட்டு மனிதனின் வீரம் அபூர்வம். ஜவுளிக் கடைக் கொட்டடியிலிருந்து தனியாளாகப் படித்து மேலே வந்தவருக்கு, கொட்டடியில் தங்கிய மற்றப் பையன்கள் சேர்ந்து என்ன செய்யக் கூடும் என்பது தெரியாமல் போயிற்று.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1920 இலையுதிர் காலத்தில் வெல்ஸ் ரஷ்யா போய் லெனினைச் சந்தித்தார். உள்நாட்டுப் போரில் தேசம் சிதைந்து கிடந்த சமயம். நாடு முழுவதும் மின்சார நிலையங்கள் கட்டப் போகிறோம் என்று லெனின் சொன்னார். எழுத்தறிவில்லாத விவசாயிகளின் தேசத்தில் இது நடக்குமா என்று வெல்ஸ் நம்பவில்லை. லெனினைக் "கிரெம்ளின் கனவுக்காரர்" என்றே எழுதி விட்டார். 1932ல் நீப்பர் நதி மீது மாபெரும் மின்சார நிலையம் ஓடத் தொடங்கிற்று. பின்னால் அந்தத் தேசத்துக்கு நேர்ந்தவை வேறு விஷயம். 1991ல் சோவியத் யூனியன் கலைந்தது. ஆனால் விளக்கு எரிந்தது எரிந்ததுதான். செவ்வாயிலிருந்து முக்காலி நடந்து வருவதைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, ஒரு குடியானவன் வீட்டில் மின்விளக்கு எரிவதைக் கற்பனை செய்ய முடியவில்லை! (கைதட்டல்)

செவ்வாயின் சேதி

வெல்ஸ் எழுதிய காலத்தில், செவ்வாயில் வாய்க்கால்கள் தெரிகின்றன, யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்று சில வானசாஸ்திரிகள் நம்பினார்கள். 1965ல் மாரினர்-4 என்ற அமெரிக்க விண்கலம் அருகே போய்ப் படம் பிடித்தது. வாய்க்காலும் இல்லை, நகரமும் இல்லை; குழிகள் நிறைந்த பாலைவனம். 2013ல் இந்தியா அனுப்பிய மங்கள்யான் 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி, 2022 வரை உழைத்தது. படையெடுத்து வர அங்கே யாரும் இல்லை. ஆகவே, தோழர்களே, இதுவரை மனிதன் மீது படையெடுத்தவன் மனிதன்தான். ஊரைப் பொசுக்கும் கதிர் வானத்திலிருந்து வந்தால், அதை அனுப்பியவனின் ஆபீஸ் இந்தப் பூமியில்தான் இருக்கிறது.

முடிந்து போகாதவர்கள்

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் பேசினோம்.

டாஸ்மேனியர்கள் அடியோடு அழிந்தார்கள் என்று வெல்ஸ் எழுதினார். அன்று எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். நடந்ததைக் கேளுங்கள். 1803ல் ரிஸ்டன் கோவ் என்ற இடத்தில் ஆங்கிலேயர் கூடாரம் போட்டனர். மறு வருஷமே அங்கே சிப்பாய்கள் அந்நாட்டு மக்கள் மீது சுட்டார்கள். 1828ல் ராணுவச் சட்டம் வந்தது. 1830ல் பெரியவரை உயிரோடு பிடித்துக் கொடுத்தால் ஐந்து பவுன், குழந்தைக்கு இரண்டு பவுன் என்று விலை வைத்தார்கள். அதே வருஷம் 2,000 பேருக்கு மேல் வரிசையாக நின்று, காட்டு மிருகத்தை வளைப்பது போல வளைத்தார்கள். எஞ்சியவர்களை பிளிண்டர்ஸ் தீவில் கொண்டு போய் வைத்தார்கள். நோயிலும் ஏக்கத்திலும் மடிந்தார்கள். 1847ல் மிஞ்சியவர்கள் 47 பேர். 1876ல் துருகனினி என்ற மூதாட்டி இறந்ததும், "கடைசி டாஸ்மேனியர் போய் விட்டார்" என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்த அம்மாளின் எலும்புக்கூட்டை மியூசியத்தில் நிறுத்தி, 1947 வரை காட்சிப் பொருளாக்கினார்கள்.

ஆனால் அவர்கள் முடிந்து போகவில்லை! வெல்ஸின் புத்தகம் வந்த மறு ஆண்டு, 1899ல், பேனி காக்ரேன் ஸ்மித் என்ற டாஸ்மேனியப் பெண்மணி, தம் மக்களின் பாட்டைத் தம் மொழியிலேயே பாடினார். அதை மெழுகு உருளையில் பதிவு செய்தார்கள். பதினொரு குழந்தைகளைப் பெற்ற தாய் அவர். தீவுகளில் பிழைத்த குடும்பங்களும், அவர் வம்சமும் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். துருகனினியின் உடலைப் போராடி வாங்கி, 1976ல் தகனம் செய்து, அவர் விரும்பியபடி கடலில் சாம்பலைக் கரைத்தார்கள். சிதறிப் போன மொழியைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்துக் குழந்தைகளுக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். 1995ல் சட்டம் போட்டுச் சில நிலங்களை அவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் ஒன்று எது தெரியுமா? ரிஸ்டன் கோவ். முதல் குண்டு சுட்ட அதே இடம்!

இந்த நிலத்தை எந்தக் கிருமியும் மீட்டுத் தரவில்லை. மனு எழுதியவர்கள், ஊர்வலம் போனவர்கள், பாட்டை மறக்காத கிழவிகள், "நாங்கள் இருக்கிறோம்" என்று விடாமல் சொன்னவர்கள், இவர்கள் மீட்டார்கள்.

கூலியைப் பற்றிப் பேசச் சொன்ன தோழருக்கு இப்போது பதில் சொல்கிறோம். நூறு அடி உயர யந்திரத்தைப் பார்த்து, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று உட்கார்ந்து விடுகிற மனிதனுக்கு எந்தப் பேச்சுவார்த்தையிலும் கூலி கூடாது. உள்ளே உட்கார்ந்திருப்பவனும் சாகக் கூடிய ஒரு பிராணிதான் என்று வெல்ஸ் காட்டினார். அது பாதிப் பாடம். கிருமிக்காகக் காத்திருக்காதே என்பதை டாஸ்மேனிய மக்கள் காட்டினார்கள். அது மறு பாதி.

புத்தகம் படிப்பக அலமாரியில் இருக்கிறது. இங்கிலீஷ் தெரிந்த பிள்ளைகள் எடுத்துக் கொண்டு போய், ராத்திரி வீட்டில் தகப்பனாருக்கும் தாயாருக்கும் ஒவ்வொரு அத்தியாயமாகச் சொல்லுங்கள். அந்தச் சிப்பாய் தோண்டிய பத்து கஜத்தை மட்டும் மறந்து விடாதீர்கள். நாளைக் காலையில் நம் கையில் இருக்கும் வேலையை அதைவிடக் கொஞ்சம் நீளமாகவே தோண்டுவோம்.